செங்கல் புடிச்ச கை: ஜெர்ரி ரைஸோட காலேஜ் வருஷங்கள்

அமெரிக்கன் ஃபுட்பால் ஆட்டக்காரரு ஜெர்ரி ரைஸ் பத்தி நெட்ல தேடுனா வர்றது பூரா சான் பிரான்சிஸ்கோ ஃபார்ட்டி நைனர்ஸ் டீம் கதைதான். 20 சீசன், மூணு சூப்பர் பவுல் (அதான் ஃபைனல்) வெற்றி, 22,895 யார்டு, 197 டச் டவுன் கேட்ச், இந்த நம்பரெல்லாம் என்எஃப்எல்ங்கற அந்த ஊரு பெரிய லீக்கைப் பாக்குறவங்களுக்கு மனப்பாடம். நான் எழுதணும்னு ரொம்ப நாளா நெனச்சுட்டு இருக்கறது அதுக்கு முந்தி நடந்த நாலு வருஷத்தைப் பத்தி. 1981ல இருந்து 1984 வரைக்கும், அமெரிக்காவுல மிசிசிப்பி மாநிலத்துல, இட்டா பீனானு பருத்திக் காட்டுக்கு நடுவுல இருக்கற ஒரு குட்டி ஊருல, மிசிசிப்பி வேலி ஸ்டேட் காலேஜ் டீமுக்கு அந்த ஆளு ஆடுன ஆட்டம். அதை எல்லாரும் ரெண்டு வரில சொல்லிட்டு, "அப்புறம் என்எஃப்எல் போனார்"னு தாண்டிப் போயிடறாங்க, எனக்கு அது சுத்தமா ஒத்துக்கல, ஏன்னா ஒரு ஆளு யாரும் பாக்காத இடத்துல எப்படி ஆடுனாருங்கறதுலதான் எனக்கு அக்கறை.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன், தெரிஞ்சவங்க இந்த பாராவை விட்டுடுங்க. இது கால்ல உதைக்கிற நம்ம ஃபுட்பால் இல்ல, ரெண்டு பக்கமும் கூர்மையா இருக்கற பந்தை கையில வச்சுகிட்டு ஆடறது. மைதானம் 100 யார்டு நீளம், நாலு சான்ஸுக்குள்ள 10 யார்டு முன்னாடி போயிட்டா மறுபடியும் நாலு சான்ஸ் கெடைக்கும், அப்படியே தள்ளிக்கிட்டே போயி எதிராளியோட கடைசிக் கோட்டைத் தாண்டுனா டச் டவுன், அதுக்கு ஆறு பாயிண்ட். பந்தை எறியறவரு குவார்ட்டர்பேக். ஓரமா நின்னு, பந்து குவார்ட்டர்பேக் கைக்குப் போக ஆரம்பிச்சதும் ஓடி, தன்னை ஒட்டிகிட்டு வர்ற ஆளை ஏமாத்திட்டு அந்தப் பந்தைப் புடிக்கிறவருதான் வைடு ரிசீவர். எத்தனை தடவை புடிச்சாரு, புடிச்சு எத்தனை யார்டு போனாரு, எத்தனை டச் டவுன், இந்த மூணுதான் அவரோட கணக்கு. ஒரு மேட்ச்ல எட்டு பத்து தடவை புடிச்சா அன்னிக்கு அவருதான் ஹீரோ. இந்த எட்டு பத்தை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, பின்னாடி வேணும்.

ரைஸ் பொறந்தது 1962 அக்டோபர்ல, ஸ்டார்க்வில்ங்கற ஊருல, வளந்தது பக்கத்துல க்ராஃபர்டுங்கற இன்னும் சின்ன ஊருல. எட்டுப் புள்ளைங்கள்ல இவரு ஆறாவது. அப்பா கொத்தனாரு. லீவு விட்டா அண்ணன் தம்பி எல்லாரும் அப்பா கூட வேலைக்குப் போகணும், ரைஸ் சாரத்து மேல நிப்பாரு, கீழ இருந்து அண்ணனுங்க செங்கலைத் தூக்கிப் போடுவாங்க, இவரு புடிச்சு அடுக்கணும். ஒரே நேரத்துல ரெண்டு மூணுன்னு போட்டாலும் புடிச்சிருக்காரு. அந்தக் கைதான் பின்னால பந்து புடிச்சதுன்னு அவரே பல இடத்துல சொல்லியிருக்காரு.

அமெரிக்காக்காரங்க இதை எழுதும்போது கேக்கறதுக்கு சுவாரசியமான ஒரு துணுக்கு மாதிரி எழுதிட்டுப் போயிடறாங்க, ஆனா எங்க வீட்ல அது துணுக்கு இல்ல. எங்கம்மா சேலத்துல கன்னங்குறிச்சியிலயும் கோரிமேட்லயும் கட்டட வேலைக்குப் போனவங்க, சித்தாளு. நான் ஸ்கூல் படிக்கும்போது லீவு நாள்ல சோத்துப் போசியைத் தூக்கிட்டுப் போயி அங்கயே உக்காந்திருப்பேன், அதனால அந்த வேலையை எனக்குப் பக்கத்துல இருந்து தெரியும். தரையில ஒருத்தரு, பாதி சாரத்துல ஒருத்தரு, மேல தளத்துல ஒருத்தரு. கீழ இருக்கறவங்க ரெண்டு செங்கலை ஒட்டி வச்சு, ரெண்டு கையாலயும் கீழ இருந்து மேல வீசுவாங்க, அந்த ரெண்டும் பிரியாம ஒண்ணாவே மேல வரணும், மேல இருக்கறவங்க அதை அப்படியே வாங்கணும். ஒரு செங்கல் மூணு கிலோ பக்கம் இருக்கும். அம்மா கையில பழைய சைக்கிள் டியூபை வெட்டி மாட்டிக்குவாங்க, இல்லேன்னா சாயங்காலத்துக்குள்ள உள்ளங்கைத் தோலு உரிஞ்சிடும்.

இதுல ஒரு விஷயம் இருக்கு, வெளிய இருந்து பாக்கறவங்களுக்குத் தெரியாது. செங்கலைக் கையை நீட்டித் தடுத்தா வெரலு போயிடும். அது மேல வந்து, இதுக்கு மேல ஏற முடியாதுன்னு ஒரு நொடி அந்தரத்துல நிக்கும் பாருங்க, அந்த நொடியில கையைக் கொண்டு போயி, அது கூடவே கையைக் கொஞ்சம் கீழ எறக்கி, மடியில வாங்கற மாதிரி வாங்கணும். சத்தமே வரக்கூடாது. சத்தம் வந்தா சரியாப் புடிக்கலைன்னு அர்த்தம், மேஸ்திரி கீழ இருந்தே கத்துவாரு. கண்ணு செங்கலை விட்டு நவுரவே கூடாது, வீசுன ஆளோட முகத்தைக் கூட பாக்கக்கூடாது. ரைஸ் ஆடுன பழைய வீடியோவை ஸ்லோல போட்டுப் பாருங்க, பந்து கைக்கு வர்ற கடைசி நொடியில அவரு ரெண்டு கையும் பந்து போற தெசையிலயே கொஞ்சம் பின்னாடி போகும், கண்ணு பந்து மேலயே இருக்கும், பந்து கைக்குள்ள வந்ததுக்கு அப்புறமும் அரை நொடி பாத்துட்டுத்தான் தலையைத் திருப்புவாரு. அச்சு அசலா எங்கம்மா புடிச்ச மாதிரியே. மொத தடவை பாத்தப்ப வீடியோவை நிறுத்திட்டு அம்மாவைக் கூப்புட்டுக் காட்டுனேன்.

நான் ஒரு அரசுப் பள்ளியில பி.டி டீச்சரு, காலேஜ்ல ஹேண்ட்பால் ஆடுனவ. அதனால ரைஸ் கதையில எனக்கு ரொம்பப் புடிச்ச ஆளு ஒருத்தரு இருக்காரு, அவரு பேரு கூட யாரும் சரியா சொல்ல மாட்டாங்க. ரைஸ் படிச்ச பி.எல். மூர் ஹைஸ்கூலோட வைஸ் பிரின்சிபால். ரைஸ் கிளாஸைக் கட் அடிச்சுட்டு சுத்திட்டு இருந்தப்ப அவரு பின்னாடி வந்து நின்னிருக்காரு, இவரு திரும்பிப் பாத்து பயந்து எடுத்த ஓட்டத்துல வைஸ் பிரின்சிபால் அசந்து போயிட்டாரு. அடுத்த நாள் கூப்புட்டு தண்டனை குடுத்துட்டு, நேரா போயி ஃபுட்பால் கோச்சுகிட்ட, இப்படி ஒரு பையன் ஓடறான் பாருன்னு சொல்லியிருக்காரு. அம்மாவுக்கு மொதல்ல புள்ளையை விளையாட விட இஷ்டமில்ல, அடிபட்டுடும்னு பயம். அப்புறம் விட்டுட்டாங்க. எத்தனை ஸ்கூல்ல, ஓடுன பையனைப் புடிச்சு முட்டி போட வைக்கிறதோட கதை முடிஞ்சிடுது! அந்த ஓட்டத்தையும் சேத்துப் பாத்த ஒருத்தரு அங்க இருந்ததுதான் அந்தப் பையனோட அதிர்ஷ்டம்னு நான் நெனைக்கிறேன், என் ஸ்கூல்லயும் சுவரேறிக் குதிக்கிற பசங்க இருக்காங்க, நான் மொதல்ல எப்படிக் குதிக்கிறாங்கன்னு பாப்பேன்.

ஸ்கூல் முடிச்சப்ப பெரிய யுனிவர்சிட்டி எதுவும் இவருக்கு சீட்டு குடுக்க வரல. பொறந்த ஊரான ஸ்டார்க்வில்லயே மிசிசிப்பி ஸ்டேட்னு பெரிய யுனிவர்சிட்டி இருக்கு, அவங்களும் எடுக்கல. அப்ப வந்ததுதான் மிசிசிப்பி வேலி. அது கறுப்பின மாணவர்களுக்காக 1950ல தொடங்குன காலேஜ். அந்தக் காலத்துல மிசிசிப்பி மாதிரி தெற்கு மாநிலங்கள்ல வெள்ளைக்காரப் பசங்க படிக்கிற யுனிவர்சிட்டிக்குள்ள கறுப்பின மாணவங்களை விடவே மாட்டாங்க, 60கள்லதான் கதவு தெறந்தது. அது வரைக்கும் நல்ல ஆட்டக்காரங்க எல்லாம் இந்த மாதிரி காலேஜ்லதான் இருந்தாங்க, கதவு தெறந்ததும் பெரிய எடத்துக்குப் போக ஆரம்பிச்சாங்க, டிவியும் பத்திரிகையும் அவங்க பின்னாடியே போயிடுச்சு. ரைஸ் சேந்தப்ப இந்தக் காலேஜுங்க மேல பெருசா யாரும் லைட் அடிக்கல. காலேஜ் விளையாட்டை நடத்தற என்சிஏஏ அமைப்பு கணக்குல டிவிஷன் ஒன் டபுள் ஏனு ரெண்டாவது படியில வச்சிருந்தாங்க.

அங்க ஆர்ச்சி கூலினு ஒரு கோச். தலையில கவ்பாய் தொப்பி போட்டுகிட்டு மைதானத்துக்கு வருவாரு, கன்ஸ்லிங்கர்னு பட்டப்பேரு. அந்தக் காலத்துல பாதிக்கு மேல டீமுங்க பந்தைக் கையில குடுத்து ஓட வைக்கிற ஆட்டம்தான் ஆடும், எறியறதுங்கறது ஆபத்துக்குப் பாவமில்லன்னு எப்பவாவது பண்றது. கூலி அதைத் தலைகீழாப் புரட்டிட்டாரு. நாலு ரிசீவரை ஒரே பக்கமா ஒருத்தரு பின்னாடி ஒருத்தரா வரிசையா நிக்க வச்சாரு, பந்து கெளம்புனதும் நாலு பேரும் நாலு தெசையில பிரிவாங்க, எதிராளிக்கு யாரை யாரு புடிக்கிறதுன்னே புரியாது. அதோட நிறுத்தல. சாதாரணமா ஒவ்வொரு சான்ஸுக்கும் நடுவுல டீம் பூரா வட்டமா கூடிப் பேசும், கூலி அந்தக் கூட்டத்தையே வேண்டாம்னுட்டாரு, குவார்ட்டர்பேக் நின்ன எடத்துல இருந்தே கத்திச் சொல்லுவாரு, எதிராளி மூச்சு வாங்கறதுக்குள்ள அடுத்த பந்து பறக்கும். இன்னிக்கு டிவியில பாக்கற வேகமான ஆட்டத்துல பாதி, அந்த ஊருல 80கள்லயே இருந்திருக்கு. கூலிக்கு இதுக்கு உண்டான பேரு கெடைக்கலைங்கறது என்னோட ஆதங்கம்.

ரைஸ் ரெண்டாவது வருஷத்துலயே, 1982ல, 66 கேட்ச், 1,133 யார்டு. அடுத்த வருஷம் 102 கேட்ச், 1,450 யார்டு, 14 டச் டவுன். ஒரு வருஷத்துக்கு நூறு கேட்ச்ங்கறது அப்ப ரொம்ப அபூர்வமான நம்பர். அதே 1983ல சதர்ன் யுனிவர்சிட்டி கூட ஒரு மேட்ச்ல 24 கேட்ச் புடிச்சாரு. இருவத்தி நாலு! எட்டு பத்து புடிச்சா ஹீரோன்னு மேல சொன்னேன்ல, இது 24. அன்னிக்கு எதிர்ல இருந்த பசங்களுக்கு ரெண்டாவது குவார்ட்டர்லயே (ஒரு மேட்ச்சுக்கு நாலு குவார்ட்டர்) தெரிஞ்சிருக்கும், பந்து எங்க வரப்போவுதுன்னு. தெரிஞ்சும் தடுக்க முடியல. நான் ஹேண்ட்பால்ல விங்ல ஆடுனவ, ஒரு ஆள் மேலயே ரெண்டு பேரு காவல் நின்னா பந்து கைக்கு வர்றதே பெரும்பாடுன்னு தெரியும், ஒவ்வொரு தடவையும் புதுசா ஒரு எடைவெளி கண்டுபுடிக்கணும், அதுக்குக் காலு வேகத்தை விட மண்டை வேகம் வேணும். உலகத்துல எந்தப் பந்து போட்டாலும் புடிப்பான்னு சொல்லி கூட ஆடுன பசங்க அவருக்கு வேர்ல்டுனு பேரு வச்சாங்களாம். 88ம் நம்பர் ஜெர்சி.

1984 வந்துச்சு. அந்த ஒரு சீசனைப் பத்தி மட்டும் தனியா ஒரு போஸ்ட் போடலாம். மொத மேட்ச்ல கென்டக்கி ஸ்டேட்டை 86க்கு 0ன்னு அடிச்சாங்க, ரைஸ் மட்டும் 17 கேட்ச், 294 யார்டு. ஜாக்சன் ஸ்டேட் கூட 15 கேட்ச், 285 யார்டு. ஜாக்சன் ஸ்டேட்னா சும்மா இல்ல, என்எஃப்எல் ஜாம்பவான் வால்ட்டர் பேட்டன் படிச்ச காலேஜ் அது. சீசன் பூரா சராசரியா ஒரு மேட்ச்சுக்கு 60 பாயிண்ட் பக்கம் அந்த டீம் எடுத்துச்சு. ரைஸ் கணக்குல அந்த வருஷம் மட்டும் 27 டச் டவுன் கேட்ச். அவரோட போன வருஷ சீசன் ரெக்கார்டை எல்லாம் அவரே ஒடச்சாரு.

அந்த சீசன்ல எனக்கு ரொம்பப் புடிச்ச மேட்ச் அவங்க ஜெயிச்ச மேட்ச் இல்ல. நவம்பர் மாசம் ஆல்கார்ன் ஸ்டேட் கூட ஆட்டம். ரெண்டும் அது வரைக்கும் தோக்காத டீமு, ரெண்டும் கறுப்பின மாணவர் காலேஜ். இட்டா பீனால இருந்த மைதானம் பத்தாதுன்னு மேட்ச்சைத் தூக்கி ஜாக்சன் நகரத்து பெரிய ஸ்டேடியத்துல வச்சாங்க, அதுவும் ஞாயித்துக்கிழமை. 60 ஆயிரம் பேருக்கு மேல வந்தாங்க. யாருமே பாக்க மாட்டாங்கன்னு சொல்லிட்டு இருந்த ரெண்டு காலேஜுக்கு 60 ஆயிரம் பேரு! சர்ச்சுக்குப் போயிட்டு அப்படியே குடும்பத்தோட வந்திருப்பாங்கன்னு நான் கற்பனை பண்ணிக்குவேன், நம்ம சேலத்துல ஆடி மாசம் கோட்டை மாரியம்மன் பண்டிகைக்கு ஊரே கெளம்பி வர்ற மாதிரி. மேட்ச்ல வேலி 42க்கு 28ன்னு தோத்துடுச்சு. அதுக்கு அப்புறம் பிளே ஆஃப்ல லூசியானா டெக் கிட்ட 66க்கு 19ன்னு செம அடி. கோப்பை கெடைக்கல. ஆனா அந்த வருஷம் நாட்டுலயே சிறந்த காலேஜ் ஆட்டக்காரருக்குக் குடுக்கற ஹெய்ஸ்மேன் ஓட்டெடுப்புல ரைஸ் ஒம்பதாவது வந்தாரு, ரெண்டாம் படி காலேஜ்ல இருந்து வந்த ஆளுக்கு அது சாதாரணம் இல்ல. நாலு வருஷத்துக்கும் சேத்து 301 கேட்ச், 4,693 யார்டு, 50 டச் டவுன்.

இப்ப எல்லாரும் சொல்ற அந்த வார்த்தைக்கு வர்றேன். "சின்ன காலேஜ்தானே, எதிர்ல ஆடுனவனும் சின்ன ஆளுதானே, அந்த நம்பரை எப்படி எடுத்துக்கறது." இந்தக் கேள்வியில நியாயமே இல்லைன்னு சொல்ல மாட்டேன், 86க்கு 0ன்னு முடிஞ்ச மேட்ச்ல எதிராளி பலமா இருந்திருக்க வாய்ப்பே இல்ல, ஒத்துக்கறேன். ஆனா அதே டீமுங்க கூட அதே வருஷம் ஆடுன மத்த ரிசீவருங்க எல்லாம் எங்க போனாங்க? ஒருத்தரும் 27 பக்கம் கூட வரலையே. 24 கேட்ச் புடிக்கணும்னா எதிராளி பலவீனமா இருந்தா மட்டும் போதுமா, 24 தடவை பந்து வந்த எடத்துல நீ இருந்திருக்கணும், 24 தடவையும் கை நழுவாம இருந்திருக்கணும். பந்துக்கு நீ எந்த காலேஜுன்னு தெரியாது.

எனக்கு இதுல கொஞ்சம் கோவம் ஜாஸ்தியா வரும், காரணம் இருக்கு. நான் காலேஜ்ல ஆடும்போது ஒரு செலக்‌ஷனுக்குப் போயிருந்தேன், அங்க உக்காந்திருந்தவரு என் பேப்பரைப் பாத்துட்டு மொத கேள்வியே எந்த காலேஜுன்னுதான் கேட்டாரு, சொன்னேன், சரி ஓரமா நில்லும்மான்னாரு, அன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் ஓரமாத்தான் நின்னேன், பந்தே கையில குடுக்கல. என்னை விடுங்க. நம்ம நடராஜனைப் பாருங்க. சின்னப்பம்பட்டியில டென்னிஸ் பால்ல பௌலிங் போட்டுட்டு இருந்த பையன், 2020 கடைசில ஆஸ்திரேலியாவுக்கு நெட் பௌலராத்தான் கூட்டிட்டுப் போனாங்க, அந்த ஒரே டூர்ல ஒன் டே, டி20, டெஸ்ட் மூணுலயும் எறங்கிட்டு வந்தாரு. பெரியவடகம்பட்டி மாரியப்பன் ரியோ பாராலிம்பிக்ஸ்ல 1.89 மீட்டர் உயரம் தாண்டி தங்கம் வாங்குனப்ப அந்த ஊரு எங்க இருக்குன்னு மேப்ல தேடுனவங்க எத்தனை பேரு. யார்க்கரும் உயரமும் ஆஸ்திரேலியாவுக்கும் ரியோவுக்கும் போன பொறவு வந்ததில்லைங்க. இங்கயே, இந்த மண்ணுலயே, யாரும் கேமரா எடுத்துட்டு வராத காலத்துலயே இருந்துச்சு. ரைஸ் கதையிலயும் நான் அதைத்தான் பாக்கறேன், கண்டுபுடிச்சவங்களைப் பத்திப் பேசறதுக்கு முன்னாடி அவரு ஏற்கனவே அங்க என்ன பண்ணி வச்சிருந்தாருன்னு பேசுங்க.

கண்டுபுடிச்ச கதையும் நல்ல கதைதான், இல்லைன்னு சொல்லல. ஃபார்ட்டி நைனர்ஸ் கோச் பில் வால்ஷ் 1984ல ஒரு மேட்ச்சுக்காக ஹூஸ்டன் போயிருந்தப்ப, முந்தின நாள் ராத்திரி ஹோட்டல் ரூம் டிவியில காலேஜ் ஹைலைட்ஸ்ல ரைஸைப் பாத்திருக்காரு, அப்பவே இந்தப் பையன் வேணும்னு முடிவு. ஆனா மத்த டீமுங்க எல்லாம் ஓட்டத்துல அவ்வளவு வேகம் இல்ல, சின்ன காலேஜுன்னு தயங்குனாங்க. 1985 டிராஃப்ட்ல, அதாவது என்எஃப்எல் டீமுங்க வரிசையா காலேஜ் பசங்களைத் தேர்ந்தெடுக்கறதுல, ஆல் டூன், எடி பிரௌன்னு ரெண்டு ரிசீவரை இவருக்கு முன்னாடி எடுத்தாங்க, ரெண்டு பேரும் பெரிய யுனிவர்சிட்டிப் பசங்க. வால்ஷ் நியூ இங்கிலாந்து டீம் கூட பேசி, தன்னோட சான்ஸை மாத்தி, முன்னாடி ஏறி வந்து 16வது ஆளா எடுத்தாரு.

மொத வருஷம் சரியாப் போகல. பந்தை நெறைய நழுவ விட்டாரு, சொந்த டீம் ரசிகருங்களே மைதானத்துல ஊளையிட்டாங்க. அப்ப எத்தனை பேரு, பாத்தியா சின்ன காலேஜுன்னு சொன்னோம்லன்னு சொல்லியிருப்பாங்க! டிசம்பர் மாசம் ராம்ஸ் டீம் கூட ஒரு திங்கக்கெழம மேட்ச்ல 241 யார்டு எடுத்தாரு, அதோட அந்தப் பேச்சு நின்னுச்சு.

அதுக்கு அப்புறம் நடந்ததெல்லாம் எல்லாருக்கும் தெரியும், வேகமா சொல்லிட்டுப் போறேன். 1987ல பன்னெண்டே மேட்ச்ல 22 டச் டவுன் கேட்ச். 1989 சூப்பர் பவுல்ல 11 கேட்ச், 215 யார்டு, ஆட்ட நாயகன். யார்டு கணக்குல அவருக்கு அடுத்து இருக்கற லேரி ஃபிட்ஜெரால்டு 17,492, நடுவுல 5,000க்கு மேல வித்தியாசம். ஒண்ணை மட்டும் விட மாட்டேன், அது அந்த மலை. கலிபோர்னியாவுல எட்ஜ்வுட் பார்க்னு ஒரு எடத்துல ரெண்டரை மைல் ஏத்தம், கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர், லீவு மாசத்துல அதை ஓடியே ஏறுவாரு. மத்த டீம் ஆளுங்க கூட வந்து பாத்துட்டு பாதியில வாந்தி எடுத்துட்டுத் திரும்பிப் போன கதையெல்லாம் உண்டு. எனக்கு இதைப் படிக்கும்போது நம்ம ஏற்காடு அடிவாரம்தான் ஞாபகம் வரும். காலையில வெளிச்சம் வர்றதுக்கு முன்னாடி அடிவாரம் செக்போஸ்ட் கிட்ட போயிப் பாருங்க, போலீஸ் செலக்‌ஷனுக்குத் தயாராகற பசங்க, சைக்கிள் ஓட்டறவங்க, எல்லாம் ஏறிட்டு இருப்பாங்க. நானும் என் பசங்களைக் கூட்டிட்டுப் போவேன், பஸ்ஸு லாரி வர ஆரம்பிக்கறதுக்குள்ள மொத சில ஹேர்பின் வளைவு வரைக்கும் ஏறி எறங்கிடுவோம். 20 வளைவு இருக்கற ரோடு அது, மொத ரெண்டு வளைவு வரைக்கும் எல்லாரும் பேசிகிட்டே ஓடுவாங்க, அதுக்கு மேல யாரும் பேச மாட்டாங்க. காலு கனக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் வர்ற வளைவுலதான் யாரு யாருன்னு தெரியும். ரைஸ் மேட்ச்சோட கடைசி குவார்ட்டர்ல எதிராளி தளந்து போயிருக்கும்போது மொத குவார்ட்டர் மாதிரியே ஓடுனாருன்னா அந்த மலைதான் காரணம்.

காலேஜ் ரெக்கார்டு என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. அந்த ரெண்டாம் படி காலேஜுங்கள்ல அவரோட 50 டச் டவுன் ரெக்கார்டு 2006 வரைக்கும் நின்னுச்சு. அந்த வருஷம் நியூ ஹாம்ப்ஷையர் டீம் டேவிட் பால்ங்கறவரு 51வது டச் டவுன் புடிச்சு தாண்டுனாரு. இருவது வருஷத்துக்கு மேல, எறியற ஆட்டம் எவ்வளவோ மாறி, எல்லா டீமும் கூலி மாதிரியே ஆட ஆரம்பிச்சதுக்கு அப்புறமும் அவ்வளவு நாள் ஆச்சு. அந்தப் படியில மொத வருஷம் ஆடற சிறந்த பையனுக்கு இப்ப ஜெர்ரி ரைஸ் பேர்லதான் அவார்டு குடுக்கறாங்க. அதுல எனக்கு சந்தோஷம்.

இதையெல்லாம் அம்மாகிட்ட சொல்லிட்டு இருந்தப்ப, அவங்க வீடியோவைப் பாத்துட்டு புடிக்கிற ஆளைப் பத்தி ஒண்ணுமே கேக்கல. "ஏன் பாப்பா, தூக்கிப் போடறவன் யாரு?"ன்னாங்க. நான் பேரைச் சொன்னேன். "போடறவன் ஒழுங்காப் போடலைன்னா மேல நிக்கறவ என்னத்தைப் புடிப்பா, நான் உங்க சின்னம்மா கூட ஜோடி சேந்தாத்தான் மேல ஏறுவேன், வேற யாரு போட்டாலும் நான் கீழயே நின்னுக்கறேன்னு சொல்லிடுவேன்"னாங்க. எனக்கு அது வரைக்கும் இந்த யோசனையே வரல பாருங்க, அதனால இந்த போஸ்ட்ட அந்த ஆளைப் பத்தி எழுதாம முடிக்க மனசில்ல.

போட்டவரு பேரு வில்லி டோட்டன். அவரும் மிசிசிப்பிதான். சேட்டலைட்னு பட்டப்பேரு, ரைஸும் இவரும் ஆடுனதை சேட்டலைட் எக்ஸ்பிரஸ்னு சொல்லுவாங்க. 1984ல மட்டும் 4,557 யார்டு, 56 டச் டவுன் எறிஞ்சாரு, அதுல பாதிக்குப் பக்கம் ரைஸ் கைக்குப் போனது. கூட்டம் கூடிப் பேசாம ஆடற ஆட்டத்துல எந்த ஆட்டம்னு நின்ன எடத்துலயே முடிவு பண்ணிக் கத்துனதும் அவருதான், எதிராளி எப்படி நிக்கறான்னு பாத்து ஒரு செகண்டுல மாத்துனதும் அவருதான். ரைஸ் போனதுக்கு அப்புறமும் ஒரு வருஷம் அங்க ஆடுனாரு, மொத்தம் 12,711 யார்டு, 139 டச் டவுன். 139! அந்தக் காலத்துல யாருமே அதைத் தொட்டதில்ல. அப்படிப்பட்ட ஆளை டிராஃப்ட்ல ஒரு டீமும் எடுக்கல. 1987ல என்எஃப்எல் ஆட்டக்காரங்க ஸ்டிரைக் பண்ணப்ப பஃபலோ பில்ஸ் டீமுக்கு கொஞ்ச மேட்ச் ஆடுனாரு, கனடா, இன்டோர் லீக்குன்னும் போயி ஆடுனாரு. 2002ல அதே மிசிசிப்பி வேலிக்கே தலைமை கோச்சாத் திரும்பி வந்து 2009 வரைக்கும் இருந்தாரு. காலேஜ் ஃபுட்பால் ஹால் ஆஃப் ஃபேம்ல 2005ல டோட்டனைச் சேத்தாங்க, அடுத்த வருஷம்தான் ரைஸ். இட்டா பீனால இருக்கற அந்த மைதானத்துக்கு இப்ப ரைஸ் டோட்டன் ஸ்டேடியம்னு பேரு, அம்மாகிட்ட சொன்னேன், "ரெண்டு பேரு பேரையும் வச்சிருக்காங்களா, அப்ப அந்த ஊருல வெவரம் தெரிஞ்சவங்கதான் இருக்காங்க"ன்னாங்க.